காலை ஆறு மணிக் கைக்கு ஒரு பிடி

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குள் என் அக்கா ஒரு மூடித் தேங்காயை யாருடைய துணையும் இல்லாமல் துருவி முடித்தார். மூட்டுநோயால் காலையில் அவர் விரல்கள் மடங்காததால், கடந்த ஒன்பது மாதங்களாக அந்த வேலையை மாமாதான் செய்து வந்தார். கையால் சுற்றும் துருவியின் பிடியில் நான் கடைந்து பொருத்தியிருக்கும் மரக் குமிழ் எனக்கு ஐந்தாவது முயற்சி. முதல் நான்கும் வெவ்வேறு காரணங்களால் தோற்றன. அந்தக் காரணங்கள் இப்படிப்பட்ட வேலையில் இறங்கும் வேறொருவருக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ், அலுவலகத் தாள்களில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். நான் கட்டில் கால், தொட்டில் கம்பி, ஊஞ்சல் உருளை ஆகியவற்றைக் கடைந்து கொடுக்கும் சிறிய மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். அக்கா அதே தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து வருகிறார்.

அவருக்கு முப்பது வயதைத் தாண்டியபோது முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் என்ற செதில் எழும் தோல் நோய் வந்தது. தோலோடு நின்றிருந்த நோய் நாற்பத்து மூன்றாம் வயதில் மூட்டுக்கு இறங்கியது. முதலில் நகங்களில் பொடிப் பொடியாகக் குழிகள் விழுந்தன. தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகக் கூட்டின் மேல் இருக்கும் குழிகளைப் போலவே அவை இருந்ததால், அக்கா அதைப் பார்த்துச் சிரித்ததை நான் மறக்கவில்லை. பிறகு வலக்கை ஆள்காட்டி விரல் அடியிலிருந்து நுனி வரை பனங்கிழங்கைப் போல ஒரே பருமனாக வீங்கியது. குதிகாலில், தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்தில் வலி தொடங்கியது. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால், வெறும் வேலைக் களைப்பு என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பரிசோதனை இந்த நோயில் பெரும்பாலும் எதையும் காட்டாது என்பதையும், நகத்தையும் தோலையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் பிடிபடும் என்பதையும், ஓராண்டு வீணான பிறகு கோயம்புத்தூரில் ஒரு மூட்டுநோய் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவர் மெதோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போடச் சொல்லி, வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வீக்கம் மெல்லக் குறைந்தது. ஆனால் காலை எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் நிற்பது மட்டும் போகவில்லை. நான் உளியை எடுத்தது இந்த இடத்தில்தான்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் முதல் முயற்சியாக, அக்காவின் காய் நறுக்கும் கத்திக்குத் தேக்கில் ஒரு பிடி கடைந்தேன். பழைய பிளாஸ்டிக் பிடி 20 மி.மீ. பருமன்தான் இருந்தது. பிடி மெலிந்திருந்தால் விரல்கள் அதிகமாக மடங்க வேண்டும், மூட்டு அதிகமாக நெரியும் என்ற அளவில் என் எண்ணம் சரிதான். ஆனால் அளவை நான் எடுத்தது மாலை ஐந்து மணிக்கு, அவர் கடையை மூடிவிட்டு வந்து அமர்ந்திருந்த நேரத்தில். வட்டமான கட்டைகளை 25, 30, 35, 40 மி.மீ. எனக் கடைந்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். அவர் 30 மி.மீ. கட்டையைத் தேர்ந்தெடுத்தார், நானும் அந்த அளவிலேயே செய்தேன். அடுத்த நாள் காலை அதைப் பற்ற முடியவில்லை. ஆள்காட்டி விரல் பிடியைத் தொடாமல் நீட்டிக்கொண்டே நின்றது, கத்தி கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. மரத்தின் எடையும் ஒரு பிழை. உள்ளே குடையாமல் முழுக் கட்டையாக விட்டதால் கத்தியும் பிடியும் சேர்ந்து 210 கிராம் இருந்தன. பழைய கத்தி 70 கிராம்தான்.

அப்போதும் நேரத்தை நான் சந்தேகிக்கவில்லை, பருமன் போதவில்லை என்று மட்டும் நினைத்தேன். குளிர்சாதனக் குழாயின் மேல் சுற்றும் கறுப்பு நுரைக் குழாயை ஆறடி நீளம் 70 ரூபாய்க்கு வாங்கி வந்து, கத்தி, கரண்டி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் துண்டு துண்டாக வெட்டி மாட்டினேன். பல் பிரஷுக்கு அது நன்றாகவே அமைந்தது, இன்றும் அதில்தான் இருக்கிறது. சமையலறையில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் ஏறிப் பிசுபிசுத்தது, தண்ணீரை உறிஞ்சி நாற்றம் எடுத்தது. நுரை அழுங்கிக் கொடுப்பதால், கத்தி அசையாமல் இருக்க அக்கா முன்பைவிட இறுக்கிப் பிடிக்க வேண்டி வந்தது. மென்மையாக இருப்பது வேறு, இளைப்பாற்றுவது வேறு என்று அன்று புரிந்தது.

மூன்றாவது முயற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அதில் நான் அக்காவுக்குத் தீங்கு செய்துவிட்டேன். தேக்குப் பிடியைக் குடைந்து எடை குறைத்து, அதன் மேல் பழைய சைக்கிள் டியூபைக் கால் அங்குல அகல நாடாவாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இறுக்கிச் சுற்றினேன். பருமன் 38 மி.மீ. வந்தது, ஈரக் கையிலும் வழுக்கவில்லை. காலையில்கூட ஓரளவு பிடிக்க முடிந்தது என்று அக்கா சொன்னபோது வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அதே சுற்றலை இரும்புக் கத்தரிக்கோலின் வளையங்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையில், அதுவரை நோயே தொடாத இடத்தில், எட்டணா நாணயம் அளவுக்குச் சிவந்து செதில் எழுந்தது. நாடாவின் விளிம்புகள் படிப்படியாக உரசிய அதே கோட்டில் அது இருந்தது.

தோல் மருத்துவர் கையைப் பார்த்த உடனேயே, புதிதாக எதைப் பிடித்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொரியாசிஸ் உள்ளவர்களின் தோலில் அடி பட்டாலோ, கீறினாலோ, தொடர்ந்து உரசினாலோ, பெரும்பாலும் பத்து இருபது நாட்களுக்குள் அந்த இடத்திலேயே புதுப் படை எழக்கூடும் என்றும், 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிச் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னதால் அவர் பெயரிலேயே இதை அழைக்கிறார்கள் என்றும் விளக்கினார். மூட்டுக்காகச் செய்த பொருள் தோலைக் கெடுக்கும் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை. அன்று மாலையே எல்லா ரப்பர் நாடாக்களையும் அறுத்து எடுத்தேன். அந்தப் படை அடங்க இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதங்களும் அக்கா கத்தரிக்கோலைத் தொடவில்லை, வெட்டும் வேலையை வெளியே கொடுத்துக் கூலி கொடுத்தார்.

இதற்கிடையில் இன்னொன்றும் செய்தேன். அதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். முக்கால் அங்குல பி.வி.சி. குழாயை வெந்நீரில் இளக்கி, வீங்கிய விரலை நேராக நிறுத்த ஒரு கூடு செய்தேன். அரை மணி நேரத்தில் விரல் நுனி வெளுத்தது. வீக்கம் நேரத்துக்கு நேரம் கூடிக் குறையும் விரலில், இளகாத குழாயை மாட்டவே கூடாது. விரலுக்குத் தாங்கு கூடு தேவையா, எவ்வளவு நேரத்துக்குத் தேவை என்பதையெல்லாம் அதைப் படித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தகடு அறுபது எழுபது டிகிரி நீரிலேயே இளகிக் கையின் வடிவத்துக்குப் படியும், அடுத்த மாதம் மீண்டும் இளக்கி மாற்றவும் முடியும். என் குழாயில் அந்த வசதி ஒன்றும் இல்லை.

மூட்டுநோய் மருத்துவர்தான் எங்களை ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய உதவும் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். பெயரைக் கேட்டதும் வேறு தொழில் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று அக்கா கலங்கிவிட்டார். தையலை விடச் சொன்னால் திரும்பி வந்துவிடுவேன் என்று பேருந்திலேயே சொன்னார். அங்கே இருந்த இளம் சிகிச்சையாளர், எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்பு, எழுந்தது முதல் படுக்கும் வரை ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள், அதில் எதை முதலில் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. காலையில் தேங்காய் துருவ வேண்டும், கடையில் துணி வெட்ட வேண்டும், மிதிக்கும்போது குதிகால் வலிக்கக் கூடாது என்று மூன்றைச் சொன்னார். நான் பையில் கொண்டு போயிருந்த தேக்குப் பிடியை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, இந்த அளவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்டார். மாலை ஐந்து மணி என்றேன். காலை ஆறு மணிக்கு உங்கள் அக்காவின் கை வேறு கை, அண்ணா, என்றார்.

மூன்று மாதங்களாக நான் வேறொருவரின் கைக்குப் பிடி செய்துகொண்டிருந்திருக்கிறேன். பட்டறைக்குத் திரும்பிய பிறகும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதில் நின்றது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னவற்றில் என் வேலைக்கு உடனே உதவியவை சில. சிறு மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்ற வேண்டும். விரலால் கிள்ளிச் செய்வதை உள்ளங்கையால் தள்ளிச் செய்யலாம், ஒரு கையால் தூக்குவதை இரண்டு கையால் அணைத்துத் தூக்கலாம். ஒரே பிடியில் நீண்ட நேரம் இருக்கக் கூடாது, வலி வந்த பிறகு நிறுத்துவதைவிட வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். தோலோடு சேர்ந்து சுழலாத எந்தப் பிடியும் தோலை உரசும். கடைசியாகச் சொன்னதை அவர் எனக்காகவே, அக்காவின் கையில் ஆறிக்கொண்டிருந்த படையைக் காட்டிச் சொன்னார்.

இனி அளவைக் காலையில் எடுக்க வேண்டும். ஆனால் வட்டக் கட்டைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா என் மனம் நோகக் கூடாது என்று, கொடுத்ததையெல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். ஆகவே கையே அளவைப் பதித்துத் தர வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, 55 மி.மீ. பருமனில் உருட்டி, விரல் தானாக மடங்கும் அளவுக்கு மட்டும் பிடிக்கச் சொன்னேன். மாவு, கையை எடுத்ததும் இரண்டு மூன்று மி.மீ. எழும்பிவிடுவதால் அளவு நிற்கவில்லை. பிறகு பானை செய்பவரிடம் 20 ரூபாய்க்கு நன்கு மிதித்த களிமண் வாங்கி வந்தேன். ஈரமண் அக்காவின் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும் என்பதால், அதன் மேல் சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினேன். காலை 6 மணிக்கு ஒன்று, பிற்பகல் 3 மணிக்கு ஒன்று என ஏழு நாட்கள் பதினான்கு பிடிகள் எடுத்து, வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு விரலின் கீழும் அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன்.

காலைப் பிடிகளில் ஆள்காட்டி விரலின் கீழ் 42 முதல் 45 மி.மீ. வரையும், சுண்டு விரலின் கீழ் 35 முதல் 37 வரையும் இருந்தது. பிற்பகல் பிடிகளில் முன்னது 33, பின்னது 30. நூலைச் சுற்றி அளந்த ஆள்காட்டி விரலின் நடு மூட்டும் காலையில் 6.9 செ.மீ., பிற்பகலில் 6.5 செ.மீ. என்று அதையே சொன்னது. இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, காலைக் கைக்கும் பிற்பகல் கைக்கும் பிடியில் ஏறத்தாழ ஒரு செ.மீ. வேறுபாடு இருக்கிறது. மற்றது, இந்தக் கைக்கு உருளை வடிவமே பொருந்தாது, ஒரு முனை பருத்து மறு முனை மெலிந்த முட்டை வடிவம்தான் பொருந்தும். களிமண் பிடிகளை வெயிலில் காயவைத்துச் சன்னல் திட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன். அவற்றில் அக்காவின் விரல் ரேகை கூடத் தெரியவில்லை, ஆனால் எந்த விரல் எவ்வளவு தயங்கியது என்பது தெரிகிறது.

மரத்துக்கு வெட்பாலையைத் தேர்ந்தெடுத்தேன். மலையாளத்தில் தந்தப்பாலை என்பார்கள். தந்தம் போல வெளுத்து, இழை மிக நெருங்கியிருக்கும், சிலாம்பு எழாது. கர்நாடகத்தில் உள்ள சன்னபட்டணத்தில் பொம்மை கடைவதும் இந்த மரத்தில்தான். இதே மரத்தின் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். சித்த மருத்துவத்தில் சொரியாசிஸ் தோலுக்கு அதைப் பூசுவார்கள். எங்கள் அம்மா இருந்தவரை அக்காவுக்குப் பூசிவிட்டதும் அதுதான். தோல் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல், அக்கா இப்போதும் செதில் உலராமல் இருக்க அதைத் தடவிக்கொள்கிறார். மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன்.

நான்காவது முயற்சியில் குமிழை 43 மி.மீ. பருமனில் தொடங்கி 36 மி.மீ.யில் முடியும் முட்டை வடிவில், 52 மி.மீ. நீளத்துக்குக் கடைந்தேன். பழைய முக்காலித் துருவியில் தரையில் அமர்ந்து, மணிக்கட்டைத் திருகித் துருவ வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டு, மேசையில் பொருத்திக் கையால் சுற்றும் எஃகுத் துருவி ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் வந்த பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி, 8 மி.மீ. போல்ட்டில் குமிழ் தானாகச் சுழலும்படி மாட்டினேன். கை சுற்றும்போது குமிழ் உள்ளங்கைக்குள் உருளாமல், போல்ட்டின் மேல் உருளும். தோல் உரசலுக்கு அதுதான் விடை. உப்புத்தாளில் 120, 220, 400 என்று வரிசையாகத் தேய்த்து, பட்டறை வழக்கப்படி அரக்கு ஏற்றிப் பளபளக்கச் செய்தேன். அரக்குதான் கெடுத்தது. தேங்காய்ப் பால் பட்ட கையில் அது மீனைப் போல வழுக்கியது, வழுக்காமல் இருக்க அக்கா மீண்டும் இறுக்கிப் பிடித்தார். அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தேன்மெழுகு மட்டும் தேய்த்தேன். ஆனி மாதம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக் காற்று அடிக்கத் தொடங்கியதும் மரம் ஈரத்தில் ஊதி, போல்ட்டைக் கவ்விக்கொண்டது. சுழலாத குமிழ் என்றால் மறுபடியும் உரசல். மூன்றாம் நாளே அதைக் கழற்றிவிட்டேன்.

ஐந்தாவது குமிழில் துளையை 12 மி.மீ.க்குப் பெரிதாக்கி, உள்ளே புஷ் எனப்படும் நைலான் உறைக் குழலை அடித்து இறக்கினேன். போல்ட் இப்போது நைலானைத்தான் தொடுகிறது, மரம் ஊதினாலும் சுழற்சி நிற்பதில்லை. இரண்டு புஷ் 40 ரூபாய், போல்ட், வாஷர், பூட்டு நட்டு எல்லாம் சேர்த்து 35 ரூபாய். துருவியின் சுற்றுக் கம்பியின் நீளத்தை 9 செ.மீ.யிலிருந்து முதலில் 16 செ.மீ.க்கு நீட்டினேன். விசை குறைந்தது உண்மைதான், ஆனால் தோள் மிகப் பெரிய வட்டம் போட வேண்டி வந்தது, கீழே வரும்போது மேசையில் இடித்தது. 12.5 செ.மீ. சரியாக அமைந்தது. மேசை விளிம்பில் இறுக்கும் காது திருகைத் தினமும் கிள்ளித் திருக வேண்டியிருந்ததால், துருவியை ஒரு பலாப் பலகையில் நிரந்தரமாகப் பொருத்தி, பலகையையே அக்காவின் முழங்கை உயரத்துக்கு, தரையிலிருந்து 94 செ.மீ.யில், சுவரோடு பதித்துவிட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை அவர் துருவியது இதில்தான்.

கத்தரிக்கோல் இன்னும் கடினமாக இருந்தது. பத்து அங்குல இரும்புக் கத்தரி அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெட்டும்போது கை மூடுவதைவிட, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கட்டைவிரலால் திறப்பதுதான் அக்காவை நோகடித்தது. சோதனைக்கென்று 300 ரூபாய்க்குப் பழைய கத்தரி ஒன்றை வாங்கி, பட்டறையில் உடைந்து கிடந்த நாடா ரம்பத்தின் பட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பல்லை அரைத்து நீக்கி, வளைக்கும் இடத்தை மட்டும் சூடாக்கி வளைத்து, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே வில்லாக வைத்தேன். கத்தரி தானாகத் திறந்தது. ஆனால் 12 மி.மீ. அகலப் பட்டை மிக விறைப்பாக இருந்ததால், மூடுவதற்குக் கூடுதல் விசை கொடுக்க வேண்டியிருந்தது. திறக்கும் வலியை மூடும் வலியாக மாற்றியதுதான் மிச்சம். பட்டையைப் படிப்படியாக அரைத்து 9, பிறகு 7, கடைசியில் 5 மி.மீ.க்குக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் நான்கு மடிப்புப் பாப்ளின் துணியை வெட்டச் சொல்லிப் பார்த்தோம். 5 மி.மீ.யில், கத்தரி தன் எடையை மட்டும் தள்ளித் திறக்கும் அளவுக்கு வில் இளகியது.

அதற்குப் பிறகு கட்டைவிரல் வளையத்தையே அறுத்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதி அமரும்படி 60 மி.மீ. நீள வெட்பாலைத் தட்டை ஒன்றைத் திருகினேன். கீழ் அலகு மேசையிலேயே கிடக்கும், மேல் அலகை உள்ளங்கையால் அழுத்தினால் போதும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. இதற்காக வெட்டும் மேசையை 74 செ.மீ.யிலிருந்து 86 செ.மீ.க்கு உயர்த்தினேன். இந்தக் கத்தரியால் மேசையில் விரித்த துணியை மட்டும்தான் வெட்ட முடியும். கையில் தூக்கிப் பிடித்து நூல் நறுக்குவதற்குச் சிறு நூல்வெட்டி ஒன்றைத் தனியாகக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். பள்ளி திறப்பதற்கு முன்பு வைகாசியில் சீருடை வேலை குவிந்தபோது, ஒரே அமர்வில் எட்டுச் சட்டைகளுக்குத் துணி வெட்டினார். எட்டையும் தொடர்ந்து வெட்டியிருக்கக் கூடாது. இரண்டுக்கு ஒரு முறை எழுந்து கையை நீட்டச் சொல்லிச் சிகிச்சையாளர் சொல்லியிருந்ததை, அவசரத்தில் இருவருமே மறந்துவிட்டோம், மறுநாள் கை ஓய்ந்துவிட்டது. இப்போது சுவரில் ஒரு சமையலறை நேரமணி தொங்குகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிக்கும்.

தையல் இயந்திரத்தில் நான் செய்த தவறு குறுகியது. குதிகாலுக்காக மிதியை விட்டுவிட்டு, 1,900 ரூபாய்க்கு மோட்டாரும் மிதிபெட்டியும் வாங்கிப் பொருத்தினேன். மிதிபெட்டி எளிதாக எட்டட்டும் என்று அதன் கீழ் ஒரு சாய்பலகை வைத்து முன்பக்கத்தை உயர்த்தினேன். கால் பாதம் மேல் நோக்கி மடங்க, குதிகாலின் பின் தசைநாண் இழுபட்டு, வலி கூடிவிட்டது. சிகிச்சையாளரை இரண்டாம் முறை பார்த்தபோது, உயர்த்த வேண்டியது மிதிபெட்டியை அல்ல, குதிகாலை என்றார். 12 மி.மீ. பலகையில் மிதிபெட்டியைத் தட்டையாக வைத்து, குதிகால் அமரும் இடத்தில் 35 மி.மீ. கெட்டி நுரையை வைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியால் மூடினேன். துணியை வாரம் ஒரு முறை கழற்றித் துவைக்கிறோம், மடிப்பு விழுந்தால் அதுவும் உரசும். துணியை அழுத்தும் காலைத் தூக்கும் பின்புற நெம்பைக் கட்டைவிரலால் தள்ள வேண்டியிருந்ததை, 12 செ.மீ. அலுமினியக் குழாயைச் செருகி நீட்டிவிட்டேன். இப்போது மணிக்கட்டுப் பக்கத்தால் தட்டினாலே எழுகிறது. இருப்பதிலேயே மலிவான மாற்றம் அதுதான், அக்கா அதிகமாகப் பாராட்டுவதும் அதைத்தான்.

செலவுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். துருவி, புஷ், போல்ட், களிமண், நுரைக் குழாய் சேர்த்து 1,015 ரூபாய். மோட்டார் 1,900. பழைய கத்தரி 300. ஆக்குபேஷனல் தெரபிக்கு இரண்டு முறை, தலா 400 வீதம் 800. மொத்தம் 4,015 ரூபாய். மரமும் என் உழைப்பும் கணக்கில் இல்லை. தோற்ற முயற்சிகளால் அக்கா வெளியே கொடுத்த வெட்டுக் கூலி இதைவிட அதிகம் என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் நாளே அந்த 800 ரூபாயைச் செலவழித்திருந்தால் அந்தக் கூலி மிஞ்சியிருக்கும்.

மறுபடி தொடங்கினால், உளியைத் தொடுவதற்கு முன்பு ஒரு வாரம் முழுவதும் காலையிலும் பிற்பகலிலும் களிமண் பிடி எடுப்பேன். வாரத்தில் எந்த நாளில் எடுக்கிறேன் என்பதையும் குறிப்பேன். அக்கா சனிக்கிழமை இரவு மாத்திரை போடுகிறார், ஞாயிறு முழுவதும் சோர்ந்து கிடக்கிறார். என் நோட்டில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த இரண்டு பிடிகளும் மற்ற நாட்களைவிடப் பெரிதாக இருப்பது, பிடிக்க மனமில்லாததாலா, மடங்காததாலா என்று பிரித்தறிய முடியவில்லை. எந்தப் புதுப் பிடியையும் ஒரே நாளில் எல்லாப் பொருளுக்கும் பரப்பாமல், ஒன்றில் மட்டும் மாட்டி, மூன்று வாரம் தோலைப் பார்த்த பிறகே அடுத்ததைச் செய்வேன். இப்போதைய குமிழ் மூன்று வாரத்தைக் கடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை துருவி முடித்ததும் அக்காவின் உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய படையின் வெளிர்த் தழும்பு மட்டும் இருந்தது. என்ன தம்பி, ரேகை பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு, துருவலை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.

தீராத வேலை ஒன்று இருக்கிறது. ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதற்கு ஊசியை இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுத்தாக வேண்டும். அக்காவின் நகங்கள் அடிச் சதையிலிருந்து சற்றுத் தூக்கிக்கொண்டிருப்பதால் ஊசியின் முனை நகத்துக்குள் ஏறிவிடுகிறது. வங்கியில் பணம் எண்ணுகிறவர்கள் மாட்டும் ரப்பர் விரலுறையைப் போட்டுப் பார்த்தோம். ஊசி நன்றாகப் பிடிபட்டது, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வியர்த்து அரிக்கிறது. உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்த ஓர் உறையை இந்த வாரம் அக்காவே வெட்டியிருக்கிறார். ஆள்காட்டி விரலுக்குக் காலை அளவில் ஒன்று, பிற்பகல் அளவில் ஒன்று.